பாட்டு எங்கேயும் போகவில்லை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி இருக்கும். எதிர் வரிசை வீட்டு அண்ணன் போன் செய்தார். “தம்பி, பாட்டெல்லாம் போச்சு.”

“எதையும் அழுத்தாதீங்கண்ணே. பிளேயரை மூடிட்டு அப்படியே விட்டுருங்க. இதோ வர்றேன்.”

அண்ணன் மதுரையில் ஓர் அச்சகத்தில் முப்பது வருடம் அச்சுக் கோத்தவர். ஈய எழுத்தின் காலம் முடிந்து கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் கற்றுக்கொண்டு இன்னும் பத்து வருடம் வேலை பார்த்தார். இப்போது வீட்டில் லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று, கேபிளில் மாட்டிய ஹார்ட் டிஸ்க் ஒன்று. டிஸ்கில் 14,000 பாட்டுக்கு மேல். அதில் பாதி, அவரே இரவெல்லாம் உட்கார்ந்து கேசட்டிலிருந்து மாற்றியது. ஒரு பக்கம் ஓடி முடிய அரை மணி நேரம் என்றால் அரை மணி நேரம் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டே மாற்றியிருக்கிறார். அவருக்குப் பாட்டு போவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

மூடுவதற்கு முன் திரையைச் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தார். பாட்டுப் பெயர்கள் எல்லாம் வெளிறிப்போய், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் ஆச்சரியக்குறி. கீழே ஒரு கேள்வி: காணாத கோப்புகளைப் பட்டியலிலிருந்து நீக்கவா? அவர் அதை அழுத்தவில்லை. அன்றைக்கு அவர் செய்த மிகப் பெரிய நல்ல காரியம் அதுதான்.

நான் டிஸ்கைத் திறந்து, ஃபோல்டருக்குள் போய், ஒரு பாட்டின் மேல் இரண்டு தட்டு தட்டினேன். விஎல்சி என்ற வேறொரு பிளேயரில் வயலின் எழுந்தது. அண்ணன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“பாட்டு எங்கேயும் போகலைண்ணே. நேத்து ராத்திரி ஏதாவது பேர் மாத்தினீங்களா?”

மாற்றியிருந்தார். ஓல்டு சாங்ஸ் என்று ஆங்கிலத்தில் இருந்த பெரிய ஃபோல்டருக்குப் ‘பழைய பாடல்கள்’ என்று தமிழில் பெயர் வைத்திருக்கிறார். அவ்வளவுதான். அண்ணி இஞ்சி தட்டிப் போட்ட டீயை வைத்துவிட்டுப் போனார். இரண்டு டம்ளர் டீ முடியும்வரை நான் சொன்னதுதான் இது.

பிளேயரில் நாம் பார்க்கும் ‘லைப்ரரி’ நம் பாட்டுகள் இல்லை. பாட்டுகளைப் பற்றி எழுதி வைத்த ஒரு பேரேடு அது. பாட்டு டிஸ்கில் ஓரிடத்தில் இருக்கிறது. பேரேடு வேறோரிடத்தில், பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு சின்னக் கோப்பாக இருக்கிறது. பேரேட்டுக்குப் பாட்டைத் தெரியும். பாட்டுக்குப் பேரேட்டைத் தெரியாது. ஃபோல்டரின் பெயரை நாம் மாற்றும்போது பாட்டு போய்ப் பேரேட்டிடம் ‘நான் வீடு மாறிவிட்டேன்’ என்று சொல்லாது.

பிறகு எதற்கு இந்தப் பேரேடு, நேராக டிஸ்கையே பார்த்துவிட்டால் என்ன என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. 14,000 கோப்புகள் இருக்கின்றன. சுழலும் டிஸ்கில் ஒரு கோப்பைத் தேடிப் பிடித்து அதன் தலைப்பகுதியை மட்டும் படிக்க 10 மில்லிநொடி என்று தாராளமாகக் குறைத்து வைத்தாலும் மொத்தம் 140 நொடி. உண்மையில் அதைப்போலப் பல மடங்கு ஆகும். ஒவ்வொரு முறை பிளேயரைத் திறக்கும்போதும், ஒவ்வொரு முறை ‘சுசீலா’ என்று தேடும்போதும் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. அதனால் ஒரு முறை எல்லாவற்றையும் படித்து, பாட்டுப் பெயர், பாடியவர், படம், வருடம் என்று பேரேட்டில் எழுதிக்கொள்கிறது. அப்புறம் பேரேட்டைப் பார்த்தே பதில் சொல்கிறது.

இந்த விவரங்கள் பாட்டுக் கோப்புக்குள்ளேயே ஒட்டியிருக்கின்றன. டேக் என்கிறோமே, அது. எம்பி3 கோப்பில் பாட்டின் பெயரை எழுதி வைக்க முதலில் இடமே கிடையாது. 1996இல் ஒருவர் கோப்பின் வாலில் 128 பைட் ஒட்டி அதில் எழுதலாம் என்று கொண்டுவந்தார். பாட்டுப் பெயருக்கு 30 பைட், பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30. ஆங்கிலத்துக்கே நெருக்கடியான இடம். தமிழ் எழுத்து யுடிஎஃப்-8 என்ற குறியீட்டு முறையில் ஒன்றுக்கு மூன்று பைட் பிடிக்கும், கொம்பும் புள்ளியும் தனிக் கணக்கு. ‘இளையராஜா’ 24 பைட்டில் அடங்கிவிடுவார். ‘எம்.எஸ்.விஸ்வநாதன்’ 50 பைட், நடுவில் அறுபடுவார். அதோடு அந்த வாலை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளை நினைத்துச் செய்திருந்தார்கள். 1998இல் டேக் கோப்பின் தலைக்கு வந்தது, இடமும் தாராளமானது. யுடிஎஃப்-8க்கு அதில் முறையான இடம் கிடைத்தது 2000ஆம் ஆண்டின் பதிப்பில்தான். பழைய சிடிக்களில் கேள்விக்குறியும் கட்டமுமாகத் தெரிந்த தமிழ்ப் பெயர்கள் பலவற்றுக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பேரேட்டில் இருப்பது இரண்டு வகை. ஒன்று, கோப்பிலிருந்து பார்த்து எழுதியது. அது அழிந்தால் கவலையே வேண்டாம். திரும்பப் படித்து எழுதிக்கொள்ளலாம். இன்னொன்று பேரேட்டிலேயே பிறந்தது. நீங்கள் கொடுத்த நட்சத்திரங்கள், ஒரு பாட்டை எத்தனை முறை கேட்டீர்கள், கடைசியாக எப்போது கேட்டீர்கள், எந்த நாளில் சேர்த்தீர்கள், எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று கோத்து வைத்த வரிசைகள். இவற்றுக்கு மூலம் வேறெங்கும் கிடையாது. பேரேடு போனால் இவையும் போயின.

“புரூஃப்ல திருத்தம் போட்டு, ஃபாரத்துல போடாம விட்ட மாதிரி” என்றார் அண்ணன்.

அதைவிடச் சரியாக என்னால் சொல்லியிருக்க முடியாது. புரூஃப் தாளில் சிவப்பு மையில் எல்லாம் சரியாக இருக்கும். ஃபாரத்தில் ஈய எழுத்து பழைய தவறோடு நிற்கும். தாள் தொலைந்தால் திருத்தமும் தொலைந்தது. 2001இல் வந்த ஐடியூன்ஸ் இப்படித்தான் வேலை செய்தது. பாட்டின் பெயரைத் திருத்தினால் அது கோப்புக்குள் போய் எழுதும். ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் அது தன் பேரேட்டில் மட்டும் எழுதிக்கொள்ளும். பல வருடம் நட்சத்திரம் போட்டவர்கள் புதுக் கம்ப்யூட்டருக்குப் பாட்டுகளை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு போனால், பாட்டு எல்லாம் இருக்கும், ஒரு நட்சத்திரமும் இருக்காது.

அண்ணனின் பிரச்சினைக்கு இப்போது பெயர் வைத்துவிடலாம். பேரேட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் அடையாளம் அதன் முகவரி. எந்த டிஸ்க், அதற்குள் எந்த ஃபோல்டர், அதற்குள் எந்தக் கோப்பு. இந்த நீண்ட முகவரியில் நடுவில் ஒரு சொல் மாறினாலும் பிளேயருக்கு அது வேறு பாட்டு. ஓல்டு சாங்ஸ் தெருவில் இருந்த 6,000 பேர் காணாமல் போய்விட்டார்கள். பழைய பாடல்கள் தெருவில் முன்பின் தெரியாத 6,000 பேர் குடிவந்திருக்கிறார்கள். புதியவர்களுக்கு நட்சத்திரம் இல்லை, கேட்ட கணக்கு இல்லை. அதே ஆட்கள்தான் என்று பிளேயருக்குச் சொல்ல யாரும் இல்லை.

இதற்கு வேறு வழி செய்து பார்த்தவர்கள் உண்டு. ஃப்ளாக் வகைக் கோப்பில், உள்ளே இருக்கும் ஒலியை மட்டும் கணக்கிட்டு எடுத்த ஒரு கையெழுத்து தலைப்பகுதியிலேயே எழுதியிருக்கும். பெயரை மாற்றுங்கள், டேக்கை மாற்றுங்கள், அந்தக் கையெழுத்து மாறாது. அமரோக் என்ற பிளேயர் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அடையாள எண் வைத்துத் தொடர்ந்தது. வேண்டுமானால் அந்த எண்ணைக் கோப்புக்குள்ளேயே பொறிக்கவும் ஒரு கருவி கொடுத்தது. ஒலியையே கேட்டு ரேகை எடுக்கும் அக்கூஸ்ட்ஐடி இருக்கிறது. ஒரே பதிவை வேறு தரத்தில், வேறு வகைக் கோப்பாக வைத்திருந்தாலும் அதே பாட்டு என்று அது கண்டுபிடித்துவிடும். முகத்தைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்வது போன்றது. இவ்வளவு இருந்தும் பெரும்பாலான பிளேயர்கள் முகவரியைத்தான் நம்புகின்றன. முகவரியைப் பார்ப்பது எளிது, வேகம். அதன் விலையை நாம் கொடுக்கிறோம்.

“அப்ப நேத்து ராத்திரி பிளேயர் திறந்திருக்கும்போது மாத்தியிருந்தா?”

நல்ல இடத்தைத் தொட்டார். பிளேயருக்குச் செய்தி தெரிவதற்கு இரண்டு வழிதான். ஒன்று, அதுவே ஃபோல்டர் ஃபோல்டராக ஒரு சுற்று வந்து பார்ப்பது. இரண்டு, கம்ப்யூட்டரின் இயங்குதளத்திடம் ‘இந்த ஃபோல்டரில் ஏதாவது நடந்தால் எனக்கு மணி அடி’ என்று சொல்லி வைப்பது. லினக்ஸில் இந்த மணிக்கு ஐநோட்டிஃபை என்று பெயர்; லினக்ஸின் மையமான கெர்னலில், 2005இல் வந்த 2.6.13 பதிப்பில் சேர்ந்தது. ஒரு கோப்பு ஓரிடத்திலிருந்து போனால் ஒரு மணி, இன்னோரிடத்துக்கு வந்தால் ஒரு மணி. இரண்டும் ஒரே நகர்வுதான் என்று காட்ட இரண்டிலும் ஒரே எண்ணைப் போட்டு அனுப்பும். அந்த எண்ணைக் கவனிக்கிற பிளேயர் என்றால், ‘ஓ, வீடு மாறியிருக்கிறார்’ என்று முகவரியை மட்டும் திருத்திக்கொள்ளலாம். ஆனால் மணி அடிக்கும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும். பிளேயர் மூடியிருந்தபோது நடந்ததற்கு மணி அடித்தும் பயனில்லை. மேக்கில் 2007இல் வந்த எஃப்எஸ்ஈவென்ட்ஸ் இதை அழகாகச் செய்தது. நடந்ததை ஒரு நாட்குறிப்பில் எழுதி வைக்கும். நிரல் மறுநாள் வந்து ‘நான் போன பிறகு எங்கெங்கே மாறியது’ என்று கேட்டுக்கொள்ளலாம்.

ஐநோட்டிஃபைக்கு ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனி மணி கட்ட வேண்டும், உள்ஃபோல்டர்கள் தாமாகச் சேராது. பழைய கெர்னல்களில் ஒருவருக்கு 8,192 மணி என்று எல்லை இருந்தது. ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஒரு ஃபோல்டர் வைத்த பெரிய சேகரிப்புக்காரர்கள் அதில் முட்டிக்கொண்டார்கள். இன்னொரு குறை அதைவிடப் பெரியது. பாட்டெல்லாம் நெட்வொர்க்கில் இன்னொரு பெட்டியில் இருந்து, வேறு யாராவது வேறு கம்ப்யூட்டரிலிருந்து அங்கே மாற்றினால், நம் வீட்டில் மணி அடிக்காது. அங்கே சுற்றி வந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை.

சுற்றி வருவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு கோப்பையும் திறந்து படித்தால் பழையபடி நேரமாகும். அதனால் கோப்பைத் திறக்காமலேயே, அது கடைசியாக எப்போது மாறியது என்ற நேரத்தை மட்டும் பார்க்கும். பேரேட்டில் எழுதிய நேரமும் இதுவும் ஒன்றென்றால், ‘மாறவில்லை’ என்று தாண்டிப் போகும். பெரும்பாலும் சரி. ஆனால் டேக் எழுதும் சில மென்பொருள்களில் ‘கோப்பின் நேரத்தை மாற்றாதே’ என்று ஒரு விருப்பத்தேர்வு உண்டு. அதைப் போட்டுவிட்டு 500 பாட்டுக்குப் பெயர் திருத்தினால், பிளேயர் கண்ணில் ஒன்றும் படாது. அளவை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. எம்பி3யின் தலை டேக்கில் பின்னால் எழுதிக்கொள்ளக் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருப்பார்கள். திருத்தம் அந்த இடத்துக்குள்ளேயே அடங்கிவிடும். கோப்பின் அளவு ஒரு பைட் கூட மாறாது. எம்பிடி என்ற பிளேயரில் இதற்காகவே இரண்டு கட்டளைகள்: அப்டேட் என்றால் நேரம் மாறியதை மட்டும் படிக்கும், ரீஸ்கேன் என்றால் எதையும் நம்பாமல் எல்லாவற்றையும் திறந்து படிக்கும். ‘திருத்தினேன், ஆனா பழைய பேரே வருது’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் இந்த இடத்தைத்தான் பார்ப்பேன்.

இதெல்லாம் சொல்லி முடித்தபோது அண்ணன், “சரி தம்பி, அந்த நீக்கவான்னு கேட்டுச்சே, அதை அமுக்கியிருந்தா?” என்றார்.

அதற்கு நான் என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. அப்பா காலை ஐந்தரைக்குச் செடிக்குத் தண்ணீர் விடும்போது கேட்பதற்கென்று ஒரு வரிசை வைத்திருந்தோம். அவருக்கு நினைவு வந்தபோது ஒரு பாட்டைச் சொல்வார், நான் சேர்ப்பேன். எதற்கு அடுத்து எது வர வேண்டும் என்பதில் கறாராக இருப்பார். ஒரு பாட்டு முடிந்ததும் வேறு ராகத்தில் தடாலென்று இன்னொன்று ஆரம்பித்தால் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்து சொல்வார். ஏழு வருடத்தில் 212 பாட்டு சேர்ந்தது. அவர் இறந்து எட்டு மாதம் கழித்து, ஒரு நாள் டிஸ்கை மாட்ட மறந்து பிளேயரைத் திறந்தேன். என் கம்ப்யூட்டரில் அந்த டிஸ்க் வந்து உட்காருவதற்கென்றே ஒரு காலி ஃபோல்டரை நிரந்தரமாக வைத்திருந்தேன். டிஸ்க் இல்லாவிட்டாலும் அந்த ஃபோல்டர் அங்கேயே இருக்கும். பிளேயர் போய்ப் பார்த்தது. ஃபோல்டர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. அப்படியானால் எல்லாப் பாட்டையும் அழித்துவிட்டார்கள் என்று முடிவுகட்டிப் பேரேட்டைத் துடைத்துவிட்டது. என்னிடம் கேட்கக்கூட இல்லை. டிஸ்கை மாட்டியதும் பாட்டெல்லாம் திரும்பி வந்தன, புதியவர்களாக. அப்பாவின் வரிசை என்ற பெயர் மட்டும் இடது ஓரத்தில் நின்றது. அதற்குள் பூஜ்யம்.

பேரேட்டுக்கு நான் நகல் எடுத்து வைக்கவில்லை. பாட்டுகளுக்கு இரண்டு நகல் இருந்தது. எது திரும்பக் கிடைக்கக்கூடியதோ அதற்கு இரண்டு நகல், எது கிடைக்காதோ அதற்கு ஒன்றுமில்லை. நினைவிலிருந்து 140 பாட்டை எழுதினேன். வரிசை வரவில்லை.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வீடு பூட்டியிருப்பதும் வீட்டில் ஆளே கிடையாது என்பதும் ஒன்றா? வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வருகிறவர், குடும்பம் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருக்கும்போது வந்து, பூட்டைப் பார்த்துவிட்டு அத்தனை பெயரையும் அடித்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? பிளேயர் எழுதுகிறவர்கள் எல்லோரும் இதை ஒரே மாதிரி நினைக்கவில்லை. குவோட் லிபெட் என்ற பிளேயர், டிஸ்க் மாட்டப்படவில்லை என்று தெரிந்தால் அதில் உள்ள பாட்டுகளை மறைத்து வைக்கும், அழிக்காது. டிஸ்க் வந்ததும் அவை பழைய கணக்கோடு திரும்பும். ரிதம்பாக்ஸ், காணாமல் போனவற்றைத் தனிப் பட்டியலில் நிறுத்தி வைக்கிறது. ஒரு பிளேயரை மனம் வைத்துப் பயன்படுத்தலாமா என்று பார்க்க, வேண்டுமென்றே டிஸ்கைக் கழற்றிவிட்டு அதைத் திறந்து, என்ன செய்கிறது என்று நான் சோதிப்பேன். அதன் அழகையும் பொத்தான்களையும் பிறகுதான் பார்ப்பேன்.

நட்சத்திரத்தையே கோப்புக்குள் எழுதிவிட்டால் என்ன என்று அண்ணன் கேட்டார். எழுதலாம். எம்பி3யின் டேக்கில் அதற்கென்றே ஓர் அறை இருக்கிறது, 0 முதல் 255 வரை மதிப்பெண் போடலாம். ஐந்து நட்சத்திரத்தை அந்த 255இல் எப்படிப் பிரிப்பது என்பதில் பிளேயருக்குப் பிளேயர் வழக்கம் வேறு. ஒன்றில் போட்ட நான்கு இன்னொன்றில் மூன்றரையாகத் தெரியலாம். பரவாயில்லை, ஒன்றுமில்லாததற்கு அது மேல். கேட்ட எண்ணிக்கையை மட்டும் கோப்புக்குள் எழுத விடாதீர்கள் என்றேன். ஒவ்வொரு முறை பாட்டு முடிந்ததும் கோப்பின் நேரம் மாறும். நாலு நிமிடப் பாட்டு சாதாரணத் தரத்தில் 3.8 எம்பி. ஓர் எண் ஒன்று கூடியதற்காக, நகலெடுக்கும் நிரல் அந்தக் கோப்பு முழுவதையும் திரும்ப நகலெடுக்கும். மாதக் கடைசியில் நீங்கள் கேட்டதெல்லாம் ‘மாறியது’ என்ற பட்டியலில் நிற்கும். உண்மையில் மாறியது எது என்று கண்டுபிடிக்க முடியாது.

அண்ணனின் டிஸ்கைச் சரிசெய்ய எனக்கு ஒரு நிமிடம்தான் ஆனது. பிளேயர் மூடியிருந்தது. முதலில் பேரேட்டுக் கோப்பை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்தேன். அது 30 எம்பி கூட இல்லை. பிறகு ஃபோல்டருக்கு அதன் பழைய ஆங்கிலப் பெயரையே திரும்ப வைத்தேன். பிளேயரைத் திறந்தோம். முகவரி பழையபடி பொருந்தியதும் ஆச்சரியக்குறிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்றால் பிளேயரை மூடிவிட்டு, ஃபோல்டரிலும் பேரேட்டிலும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். பேரேடு பெரும்பாலும் எஸ்க்யூலைட் வகைக் கோப்புதான். பழைய சொல் வரும் இடத்திலெல்லாம் புதிய சொல்லை வை என்று ஒரு வரிக் கட்டளை போதும். அதை அடுத்த வாரம் செய்யலாம் என்று பேசிக்கொண்டோம்.

ஆனால் எல்லாம் மறையவில்லை. 318 பாட்டுகள் அப்படியே வெளிறி நின்றன. அவை இருந்த ஃபோல்டர்களின் பெயரை முந்தைய இரவு யாரும் மாற்றவில்லை. ‘சோகம்’ என்று ஒரு ஃபோல்டர். பேரேட்டிலும் ‘சோகம்’, டிஸ்கிலும் ‘சோகம்’. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. பக்கத்தில் ‘பொங்கல்’, ‘கோவில்’, ‘தொகுப்பு’. ‘மழை’ சரியாக இருந்தது, ‘திருமணம்’ சரியாக இருந்தது.

அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “எல்லாத்துலயும் கொம்பும் காலும் இருக்கே தம்பி.”

முப்பது வருடம் எழுத்தைப் பொறுக்கிய கண். எனக்கு இன்னும் பத்து நிமிடம் ஆகியிருக்கும். யூனிகோடில் ‘சோ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். சகரத்தோடு ‘ோ’ என்ற ஒரே குறி. அல்லது சகரம், இரட்டைக்கொம்பு, கால் என்று மூன்று. இரண்டும் ஒரே எழுத்துதான் என்று யூனிகோடு சொல்கிறது. ஆனால் லினக்ஸின் டிஸ்க் அர்த்தம் பார்ப்பதில்லை, பைட்டைப் பார்க்கிறது. முதல் விதத்தில் ‘சோகம்’ 15 பைட், இரண்டாவதில் 18. அதற்கு இவை இரண்டு வேறு ஃபோல்டர்.

எங்கிருந்து வந்தது இந்தப் பிரிந்த எழுத்து? மூன்று மாதம் முன்பு பழைய டிஸ்க் கெட்டுப்போனபோது, மருமகனின் பழைய மேக்கில் இருந்த நகலிலிருந்து இந்த ஃபோல்டர்களைத் திரும்ப எடுத்ததாக அண்ணன் சொன்னார். 2017 வரை மேக்குகள் பயன்படுத்திய ஹெச்எஃப்எஸ் பிளஸ் என்ற அமைப்பு, கோப்புப் பெயர்களைப் பிரித்து எழுதிவிடும். ஒரே குறியாகக் கொடுத்தாலும் கொம்பு தனி, கால் தனி என்று வைத்துக்கொள்ளும். அங்கே போய் வந்த பெயரெல்லாம் பிரிந்து வந்துவிட்டது. ஆங்கிலக்காரர்களுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்துக் குழப்பம் உண்டு; நமக்கு அது இல்லை. நமக்கு இது.

“ஈய எழுத்து வைக்கிற கேஸ்லயும் அப்படித்தானே தம்பி. சோன்னு ஒரு எழுத்து கிடையாது. கொம்பை எடுத்து வைப்போம், ச-வை வைப்போம், காலை வைப்போம். மூணு எழுத்து.” விரல்கள் மேசைமேல் அந்த வரிசையிலேயே நகர்ந்தன. கம்ப்யூட்டரில் ச முதலில் வரும், கொம்பு அதற்குப் பின்னால்தான் என்றேன். “பாக்கும்போது முன்னால நிக்குது, எழுதும்போது பின்னாலயா?” என்று அதைக் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

பிரிந்த பெயர்களைச் சேர்த்து எழுத கான்வ்எம்வி என்று ஒரு கருவி இருக்கிறது. முதலில் என்ன செய்யப் போகிறது என்று மட்டும் காட்டும். சரி என்றால்தான் செய்யும். ஓட்டினோம். சோகம் வந்தது, கோவில் வந்தது, பொங்கல் வந்தது. 318இல் 272 திரும்பி வந்துவிட்டன. 46 மட்டும் பாக்கி. எல்லாம் ஒரே ஃபோல்டர்: சௌந்தரராஜன்.

அதையும் கருவி பார்த்தது, தொடவில்லை. அதன் கணக்கில் அங்கே சேர்க்க ஒன்றுமே இல்லை. நான் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘ௌ’ பிரிந்தால் கொம்பும், ஔகாரத்துக்கென்றே இருக்கும் ஒரு நீட்டக் குறியும் ஆகும். அந்தக் குறி பார்க்க ளகரம் போலவே இருக்கும், ஆனால் ளகரம் இல்லை.

“இந்த ஃபோல்டரை யாருண்ணே பேர் அடிச்சது?”

“நான்தான். திரும்ப எடுக்கும்போது இது மட்டும் கேள்விக்குறியா வந்துச்சு. அழிச்சிட்டு நானே அடிச்சேன், டைப்ரைட்டர் கீபோர்டுல.” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். “ள போட்டிருப்பேன் தம்பி. ஈய எழுத்துலயும் நாங்க ள-தான் வைப்போம். அதுக்குன்னு தனி எழுத்து கேஸ்ல கிடையாது.”

கொம்பு, ச, ள. கண்ணுக்குச் சௌ, கம்ப்யூட்டருக்குச் செ-யும் ள-வும். எந்தக் கருவியும் அதைத் திருத்தாது, ஏனென்றால் அது தவறு என்று சொல்ல அதனிடம் ஒன்றுமில்லை. பிளேயரை மூடினேன். பேரேட்டில் இருந்த பெயரை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொண்டேன். அண்ணன் ஃபோல்டரின் பெயரைத் தேர்ந்தெடுத்து, அழித்து, நான் கொடுத்ததை ஒட்டினார். திரையில் ஒன்றும் மாறவில்லை, அதே சௌந்தரராஜன். பிளேயரைத் திறந்தார். 46 பாட்டும் கறுத்து வந்தன.